நண்டு வளையில் மடங்கிய கால்

2019-இல் மேட்டூர் அணையை ஆகஸ்ட் 13-ஆம் தேதிதான் திறந்தார்கள். குறுவையை மறந்துவிட்டுச் சம்பாவை மட்டும் நம்பியிருந்தோம். பயிர் வேர் பிடித்து நிமிர்கிற நேரத்தில் ஐப்பசி மழை வந்து வயலில் நின்றுவிட்டது. வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் எங்கள் ஊர். எங்கள் நிலம் பள்ளத்தில் இருக்கிறது. ஒரு நாள் விட்டால் பயிர் அழுகும். பொழுது சாயும் நேரத்தில் வடிகால் மடையைத் திறந்துவிட மண்வெட்டியோடு போனேன். செருப்பை மேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டேன். ஈரக் களிமண் வரப்பில் ரப்பர் செருப்பைவிட வெறுங்கால்தான் பிடிக்கும்.

வரப்பின் ஓரத்தில் நண்டு வளை ஒன்று இருந்திருக்கிறது. மேலே புல் மூடியிருந்ததால் தெரியவில்லை. இடது காலின் முன்பாதம் அதற்குள் இறங்கியது. பாதம் உட்பக்கம் மடிய, முழு உடம்பும் வெளிப்பக்கம் சாய்ந்தது. வெயிலில் உளுந்து நெற்று வெடிப்பதைப் போல ‘டப்’ என்று ஒரு சத்தம். தவளைகளின் கூச்சலையும் மீறி அது எனக்குக் கேட்டது. பிறகு நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். மண்வெட்டி பக்கத்து வயலில் கிடந்தது. வலியைவிட முதலில் வந்தது எரிச்சல்தான். ‘மறுபடியும் இதே இடது காலா?’ என்று வாய்விட்டே கேட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்கு முன் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மடையை மச்சான் போய்த் திறந்தார். என்னைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து திண்ணையில் உட்கார வைத்தபோது வெளிக்கணுவுக்கு முன்னால் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. வீங்கிய கால் ஒன்று திண்ணையில் கிடந்தால் அந்தத் தெருவே மருத்துவமனையாகிவிடும். எதிர்வீட்டு அத்தை புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கக் கொதிக்கப் பற்று கொண்டுவந்தார். மச்சான் நல்லெண்ணெயைச் சூடாக்கினார். “நரம்பு பிசகியிருக்கிறது, இப்போதே நீவிவிட்டால் காலையில் நடந்துவிடலாம்” என்றார் ஒருவர். நான் மறுக்கவில்லை. அத்தையின் பற்றை எந்த மருமகன்தான் மறுப்பான்? சூடான பற்று, அதன் மேல் எண்ணெய், அரை மணி நேரம் அழுத்தி உருவல். இரவு ஒரு மணிக்கு வலியில் விழித்துப் பார்த்தபோது கணு இருந்த இடமே தெரியவில்லை. கால் கெண்டையிலிருந்து நேராகப் பாதத்துக்கு இறங்கியது.

என்ன நடந்தது என்பது பிறகு புரிந்தது. எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வு கிழிந்தால் அதோடு சிறு இரத்தக் குழாய்களும் கிழிகின்றன. உள்ளே கசிவு இன்னும் நின்றிராத நேரத்தில் சூடு வைத்தால் குழாய்கள் விரிந்து இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அழுத்தி உருவினால் பாதி கிழிந்தது இன்னும் கிழிகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சூடும் உருவலும் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். மதுவும் அப்படித்தான், வலி மறக்க ஒரு கட்டிங் போதும் என்று சொன்ன நண்பர்களும் உண்டு. நாலைந்து நாள் கழித்து, வீக்கம் இறங்கிய பிறகு, வெதுவெதுப்பான ஒத்தடம் இதமாக இருக்கும். எங்கள் அத்தையின் வைத்தியத்தில் நேரம் மட்டும்தான் தவறு என்று இன்றும் சொல்லிவருகிறேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பைக்கில் ஏற்றி, பக்கத்து ஊரில் சுளுக்கு வழிக்கும் பெரியவரிடம் அழைத்துப் போனார்கள். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர், அதனால் அவர் கை பட்டால் சுளுக்கு பறக்கும் என்று ஊரில் நம்பிக்கை. எண்பதை நெருங்கும் வயது. எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடாமல், கட்டைவிரலால் என் வெளிக்கணு எலும்பின் பின்விளிம்பை அடியிலிருந்து மேலாக அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நான் துள்ளினேன். உள்கணுவிலும் அப்படியே அழுத்திப் பார்த்தார். பிறகு, “எழுந்து நாலு எட்டு வை பார்க்கலாம்” என்றார். இரண்டாவது எட்டிலேயே சுவரைப் பிடித்துவிட்டேன்.

“தம்பி, எலும்பு ஓரத்தில் தொட்டால் துள்ளுகிறாய். நாலு எட்டு நடக்கவும் முடியவில்லை. போய்ப் படம் எடுத்துக்கொண்டு வா. அதற்கு முன்னால் நான் கை வைக்க மாட்டேன்.”

மச்சானுக்கு ஏமாற்றம். பெரியவர் குரலைத் தாழ்த்தி, முன்பு ஒரு பையனின் முறிந்த காலைச் சுளுக்கு என்று நினைத்து உருவிவிட்டதாகவும், அந்தத் தெரு வழியாகத் தான் இன்னும் போவதில்லை என்றும் சொன்னார். காசு வாங்கவில்லை.

அன்று பிற்பகல் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் என் காலைப் பிடித்ததும் ஆச்சரியப்பட்டுப்போனேன். அவரும் அதே விளிம்பைத்தான் அழுத்தினார். அவரும் நான்கு எட்டு வைக்கச் சொன்னார். காலையில் ஒரு பெரியவர் இப்படியே செய்தார் என்று சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். கனடாவின் ஒட்டாவா நகரத்தில் மருத்துவர்கள் ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட விதி அது என்றார். மடங்கிய கால் எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவற்றில் முறிவு இருக்காது. யாருக்குப் படம் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரிக்கத்தான் அந்த விதி வந்ததாம்.

அது மனப்பாடம் செய்யத்தக்க விதி. கணுவைச் சுற்றி வலி இருந்து, கீழே சொல்வதில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் படம் எடுக்க வேண்டும். வெளிக்கணு எலும்பின் நுனியிலோ, அதன் பின்விளிம்பில் அடியிலிருந்து 6 செ.மீ. உயரம் வரையிலோ அழுத்தினால் எலும்பிலேயே வலிப்பது. உள்கணுவிலும் அதே அளவில் அதே வலி. விழுந்த உடனேயும், பிறகு மருத்துவர் முன்னாலும் நான்கு எட்டு வைக்க முடியாமல் போவது. நொண்டி நொண்டி வைத்தாலும் அது எட்டுதான். வலி பாதத்தின் நடுவில் இருந்தால் வேறு இரண்டு இடங்களை அழுத்திப் பார்ப்பார்கள். ஒன்று, சுண்டுவிரலிலிருந்து வெளியோரமாகப் பின்னோக்கித் தடவிக்கொண்டு வந்தால் பாதி வழியில் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு. மற்றொன்று, உள்பக்க வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பு. இவற்றில் எதுவும் இல்லையென்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. கால் மரத்துப்போயிருக்கும் சர்க்கரை நோயாளிக்கும், குடித்திருப்பவருக்கும், சிறு குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வலியை நம்ப முடியாது.

சத்தம் கேட்டதா இல்லையா என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஜவ்வு அறுந்தாலும் ‘டப்’ என்று கேட்கும். வீக்கத்தின் அளவும் ஏமாற்றும்.

எனக்குப் படத்தில் முறிவு இல்லை. “எலும்பில் ஒன்றுமில்லை” என்றார் டாக்டர். வெளியில் காத்திருந்த மச்சான் வீட்டுக்கு போன் போட்டு, “ஒன்றுமில்லையாம்” என்றார். ‘எலும்பில்’ என்ற சொல் மருத்துவமனை வாசலிலேயே உதிர்ந்துபோயிற்று. எங்கள் பக்கத்தில் பலருடைய கணுக்கால் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெரியும். கிழிந்த ஜவ்வு தெரியாது. லிகமெண்ட் என்று மருத்துவர்கள் சொல்வதைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். எலும்பையும் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் நார்ப்பட்டை அது. நரம்பும் இல்லை, பிசகவும் இல்லை.

வெளிப்பக்கத்தில் அப்படி மூன்று பட்டைகள் இருக்கின்றன. முன்னால் இருப்பதுதான் முதலில் கிழியும். பாதம் கீழ்நோக்கி நீண்டு உட்பக்கம் மடியும்போது முழு இழுப்பும் அதன் மேல் விழுகிறது. இன்னும் பலமாக மடிந்தால் நடுப்பட்டையும் போகும். பின்னால் இருப்பது எளிதில் கிழியாது. பட்டை சற்றே இழுபட்டிருந்தால் முதல் நிலை, பாதி கிழிந்திருந்தால் இரண்டாம் நிலை, முழுதும் அறுந்திருந்தால் மூன்றாம் நிலை. என்னுடையது இரண்டு.

உட்பக்கம் ஏன் அவ்வளவு எளிதில் கிழிவதில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். பாடம் நடத்திப் பழகிய வாய். கேள்வி தானாக வந்துவிடும். வெளிக்கணு எலும்பு உள்கணுவைவிடக் கீழே இறங்கியிருப்பதால் பாதம் வெளிப்பக்கம் திரும்புவதை அது தடுக்கிறது. உட்பக்கத்து ஜவ்வும் தடித்த ஒரு முக்கோணம். கிரேக்க எழுத்தான டெல்டாவைப் போல முக்கோணமாக இருப்பதால் அதற்கு டெல்டாய்டு என்று பெயர். நம் காவிரி கடலுக்கு முன் விரிந்து பரவும் வடிவத்துக்கும் அதே எழுத்திலிருந்துதான் பெயர் வந்தது. டெல்டாக்காரன் ஒவ்வொருவனும் இரண்டு காலிலும் ஒரு டெல்டாவை வைத்துக்கொண்டு நடக்கிறான் என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். அந்த முக்கோணம் கிழியும் அளவுக்கு அடிபட்டு உள்கணுவும் வலித்தால், கூடவே எலும்பு முறிந்திருக்கிறதா என்று அக்கறையாகப் பார்க்க வேண்டும்.

நண்டு வளை ஏன் இவ்வளவு பொல்லாதது என்பதும் அப்போதுதான் விளங்கியது. கால் எலும்புகள் இரண்டும் இரு பக்கமும் பிடித்திருக்க, நடுவே பாதத்தின் மேல் எலும்பு உட்கார்ந்திருக்கிறது. அந்த எலும்பு முன்புறம் அகலம், பின்புறம் குறுகல். பாதம் தட்டையாக ஊன்றியிருக்கும்போது அகலமான பகுதி இறுக்கமாகப் பொருந்தி நிற்கிறது. விரல் நுனி கீழே இறங்கினால் குறுகிய பகுதி வந்து மூட்டு தளர்ந்துவிடுகிறது. படி இறங்கும்போதும், பஸ்ஸிலிருந்து குதிக்கும்போதும், கோடையில் வெடித்த வயலில் கால் இறங்கும்போதும் கணு மடங்குவது இதனால்தான்.

முதல் வாரம் நான் செய்தது இது. பேண்டேஜைக் கால்விரல்களின் அடியிலிருந்து தொடங்கி கணுவுக்கு மேல் வரை சுற்றிக்கொண்டேன். இறுக்கம் என்பது சட்டைக் கைப்பட்டியின் இறுக்கம். அதற்கு மேல் வேண்டாம். விரல்கள் மரத்தாலோ, குளிர்ந்தாலோ, நீலம் பாரித்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். சிம்பு வைத்து இறுகக் கட்டிக்கொண்டு, வலிக்க வலிக்கத்தான் சேரும் என்று பொறுத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரத்த ஓட்டம் நின்றால் போவது கால்தான்.

ஐஸுக்குக் கடைவீதி மீன்கடையில் சொல்லி வைத்தேன். மெல்லிய துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. நேராகத் தோலில் வைத்தால் தோல் கருகும். ஐஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் ஒரு சூத்திரமாகச் சொன்னவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். அவரே 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அடிபட்ட இடத்துக்கு உடம்பு அனுப்பும் பழுதுபார்க்கும் உயிரணுக்கள் வீக்கத்தோடுதான் வருகின்றன என்பது வாதம். என் முடிவு எளியது: வலி பொறுக்க முடியாத முதல் ஓரிரு நாள் ஐஸ் வைத்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

உயர்த்தி வைப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் வைப்பது போதாது. கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது படுக்க வேண்டும். கோரைப்பாயைச் சுருட்டி அதன் மேல் தலையணை வைத்து, அதன் மேல் காலை வைத்துக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் வெளிக்கணுவில் இருந்த கருநீலம் குதிகாலுக்கும் விரல்களுக்கும் இறங்கியது. வீட்டில் பயந்துவிட்டார்கள். கசிந்த இரத்தம் தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு வடிகிறது, அவ்வளவுதான். பச்சையாகி மஞ்சளாகி இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும். இந்தப் பக்கத்தில் வீங்கிய கால் என்றாலே யானைக்கால் நினைவு வரும். இது அதுவோ என்று தனியாக வந்து விசாரித்தவர்களும் உண்டு.

வலிக்குப் பாராசிட்டமால் போதுமாக இருந்தது. மருந்துக்கடையில் கேட்டால் டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் கேள்வி இல்லாமல் கொடுத்துவிடுவார்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. அதே மருந்து ஜெல்லாகக் கிடைக்கிறது. அதைத் தடவினால் போதும், தேய்க்க வேண்டியதில்லை.

ஊன்றுகோல் பற்றி ஒரு வார்த்தை. இடது காலில் அடி என்றால் கோல் வலது கையில் இருக்க வேண்டும். நடக்கும்போது எதிர்க்கையும் காலும் சேர்ந்துதான் முன்னே போகின்றன. கோலும் அடிபட்ட காலும் ஒன்றாக ஊன்றினால் எடை பங்கிடப்படும். நான் மூன்று நாள் தவறான கையில் பிடித்து நடந்தேன். ஊரே பார்த்தது, யாரும் திருத்தவில்லை. யாருக்கும் தெரியாது.

முழு ஓய்வு இரண்டு மூன்று நாள் போதும். வலி பொறுக்கும் அளவுக்கு எடை போட்டு நடக்கத் தொடங்கினால்தான் ஜவ்வு சரியான திசையில் பின்னிக்கொள்ளும் என்றார் டாக்டர். படுத்துக்கொண்டே இடது கால் பெருவிரலால் காற்றில் உயிரெழுத்துகளை எழுதினேன். ‘அ’வும் ‘இ’யும் மூட்டை எல்லாப் பக்கமும் சுழற்றிவிடும். ‘ஔ’ எழுத முடிந்த நாளில் ஆய்த எழுத்துக்கும் சேர்த்து மூன்று புள்ளி வைத்தேன்.

மூன்று வாரத்தில் நொண்டாமல் நடந்தேன். பள்ளிக்குப் போனேன். கதை முடிந்தது என்று நினைத்தேன். கார்த்திகை கடைசியில் ஒரு நாள், ரேஷன் கடை வாசலில், சிமெண்ட் தரையில், எந்த வளையும் வெடிப்பும் இல்லாத இடத்தில், இடது கால் மீண்டும் மடங்கியது. கையில் இருந்த சர்க்கரைப் பை சிந்தியது.

இந்த முறை டாக்டர் என்னைப் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். என் மகள் வயதுப் பெண். காலைத் தொடவே இல்லை. “ஐயா, வலது காலில் மட்டும் நின்று கண்ணை மூடுங்கள்” என்றார். இருபத்தைந்து எண்ணும் வரை நின்றேன். “இப்போது இடது காலில்.” நான்கு எண்ணுவதற்குள் மேசையைப் பிடித்துவிட்டேன். மறுபடியும் முயன்றேன், ஐந்து.

“இந்தக் கால் முன்பு எப்போதாவது மடங்கியிருக்கிறதா?”

1993 பொங்கல். ஊர்க் கபடி. எனக்குப் பத்தொன்பது வயது. பாடிக்கொண்டு போன என் கணுக்காலை எதிரணிக்காரன் பிடித்து இழுத்தான், கால் முறுகியது. அப்போதும் புளிப்பற்று, எண்ணெய், உருவல். ஒன்பதாம் நாள் திரும்ப ஆடினேன். அது பெருமையாகவும் இருந்தது. அதற்குப் பிறகு இருபத்தாறு ஆண்டுகளில் அந்தக் கால் எத்தனை முறை வழுக்கி மடங்கியது என்று கணக்கு வைக்கவில்லை. வரப்பு சரியில்லை, சேறு அதிகம், வயதாகிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது.

அந்தப் பெண் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஜவ்வு வெறும் கயிறில்லை. மூட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் உணர்முனைகள் அதற்குள் இருக்கின்றன. கால் வழுக்கத் தொடங்கும் கணத்திலேயே கெண்டைக்கு வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடித்துவிடும். நாம் அறிவதற்குள் அது நடந்து முடிந்துவிடும். ஜவ்வு கிழிந்தால் அந்தச் சேதியும் அறுந்துபோகிறது. கிழிசல் ஆறிவிட்டாலும் சேதி தானாகத் திரும்புவதில்லை. ஃப்ரீமன் என்ற ஆங்கில மருத்துவர் 1965-இலேயே இதை எழுதி, ஆடும் பலகையில் நிற்கவைத்துப் பழக்கினால் கால் மடங்குவது குறைகிறது என்று காட்டியிருக்கிறார். நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம் என் கணுக்காலுக்கு வந்து சேர இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

ஒற்றைக்கால் பயிற்சி பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு 30 நொடி, பக்கத்தில் சுவர் இருக்கட்டும். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் எளிதானதும் மடித்த போர்வையின் மேல் நின்று. கூடவே, திண்ணைப் படியின் ஓரத்தில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது. முதலில் இரண்டு காலாலும், பின்பு ஒரே காலாலும், பத்துப் பத்தாக மூன்று முறை. வெளிப்பக்கத் தசைக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும். அதை வளையமாக்கி ஒரு முனையைக் கட்டில் காலில் மாட்டி, மறுமுனையில் பாதத்தை நுழைத்து வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். மருந்துக்கடையில் ரப்பர் பட்டை விற்கிறார்கள். டியூப் அதைவிட உழைக்கிறது.

ஐந்தாவது வாரம் வரப்பில் நடக்கச் சொன்னார், பகல் வெளிச்சத்தில், காய்ந்த வரப்பில். ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நடப்பதைவிட நல்ல பயிற்சி ஊரில் வேறு ஏது? நடவின்போது நாற்றுமுடியோடு அதே வரப்பில் பேசிக்கொண்டே ஓடும் பெண்களை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்க்கிறேன். தை அறுவடையின்போது இடது காலால் மட்டும் பத்து முறை குதித்துப் பார்த்தேன். வலது கால் குதித்த தூரத்துக்குக் கிட்டத்தட்ட வந்தது. ஓடலாம், ஆடலாம் என்பதற்கு அதுதான் அளவு, நாட்காட்டி அளவில்லை. இலேசான சுளுக்கு ஓரிரு வாரத்தில் அடங்கும். என்னுடையது போன்றதற்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். முழுதாக அறுந்தது மாதக்கணக்கில் இழுக்கும். அப்படி அறுந்ததும் பெரும்பாலும் பயிற்சியாலேயே தேறிவிடுகிறது. மாதக்கணக்கில் பழகியும் கால் மடங்கிக்கொண்டே இருந்தால்தான் அறுவை பற்றிப் பேசுவார்கள்.

சுளுக்கு என்று நினைத்து ஏமாறுகிற சிலவற்றையும் இந்த ஆண்டுகளில் வீட்டிலும் தெருவிலும் பார்த்துவிட்டேன். அண்ணி கும்பகோணத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் மடங்கியது. கணுவில் வலியே இல்லை. பாதத்தின் வெளியோரப் புடைப்பில்தான். கணுவை மட்டும் படம் பிடித்து, சுளுக்கு என்று ஒரு தனியார் மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் பாதத்தைப் படம் எடுத்தபோது சுண்டுவிரல் வரிசை எலும்பின் அடி முறிந்திருந்தது. எந்த இடம் வலிக்கிறதோ அங்கே விரலை வைத்துக் காட்டுங்கள். ‘கால் வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அவர்களும் காலைத்தான் பார்ப்பார்கள்.

தெருவில் பூப்பந்து ஆடிய நாற்பது வயதுக்காரர் ஒருவர், பின்னாலிருந்து யாரோ உதைத்ததாகத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் அறுந்திருந்தது. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டையைப் பிசைந்தால் பாதம் தானாகக் கீழே அசைய வேண்டும். அசையவில்லையென்றால் அன்றைக்கே மருத்துவமனை. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நீளும் இடமான வளர்தகடு ஜவ்வைவிடப் பலம் குறைந்தது. எட்டாம் வகுப்புப் பையன் வெளிக்கணு எலும்பைத் தொட்டால் அழுகிறான் என்றால் அதைச் சுளுக்கு என்று நாமே முடிவு செய்யக்கூடாது.

என்னை அதிகம் பயமுறுத்தியது பெரியப்பாவின் கால். அவருக்கு இருபது ஆண்டுச் சர்க்கரை. ஒரு நாள் கணுவும் பாதமும் சிவந்து வீங்கியிருந்தன. தொட்டால் மற்றக் காலைவிடச் சூடு. “வலிக்கிறதா பெரியப்பா?” என்றேன். “பெரிதாக ஒன்றுமில்லையடா, வரப்பில் எங்காவது மடங்கியிருக்கும்” என்றார். வலி இல்லாததுதான் ஆபத்து. உணர்வு மங்கிய காலில் எலும்புகள் ஓசையில்லாமல் நொறுங்கி, பாதத்தின் வடிவமே குலைந்துவிடும் நோய் ஒன்று இருக்கிறது. சார்கோ பாதம் என்கிறார்கள். அந்தக் காலால் நடக்க நடக்க நொறுங்கும். அவரை நடக்கவிடாமல் காரில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். மாதக்கணக்கில் மாவுக்கட்டு. பாதம் தப்பித்தது. நீவிவிட ஆள் வந்து திண்ணையில் காத்திருந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

பாதம் கோணிக்கொண்டு நின்றாலோ, வெளுத்துக் குளிர்ந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். இருக்கிற நிலையிலேயே பலகையோ தலையணையோ வைத்து அசையாமல் கட்டி, 108-ஐ அழைத்துவிடுங்கள்.

போன ஐப்பசியிலும் மடை திறக்கப் போனேன். நண்டுகள் வளை தோண்டுவதை நிறுத்தவில்லை. இடது கால் ஓரிடத்தில் வழுக்கி, தானே பிடித்துக்கொண்டு நின்றது. காலையில் பல் தேய்க்கும்போது இன்னும் கிணற்றடியில் ஒற்றைக்காலில்தான் நிற்கிறேன். கண்ணை மூடி இருபது எண்ணுகிறேன். பால்காரர் முதல் வாரம் என்ன வேண்டுதல் என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை, பாலை ஊற்றிவிட்டுப் போய்விடுகிறார்.